கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு, இனி எங்கிருந்து தொடங்குவது?

லுக்கீமியாவுக்கான கடைசிக் கீமோ முடிந்து எட்டு மாதமாகிறது. வார்டில் எல்லாவற்றையும் தாதி சொல்வார். வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குள் வந்த பிறகு சொல்ல அம்மா மட்டும்தான், அவரும் எதற்கெடுத்தாலும் "சாப்பிடு" என்பார். நான் விழுந்தெழும்பிப் பழகிய ஒழுங்கு இது. உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. எஃப்.பி.சி. எனும் முழு இரத்தப் பரிசோதனை ரிப்போட்டில் முதலில் நியூட்ரோபில், அதாவது கிருமியோடு போராடும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 1,500க்கு மேல் என்றால் ஓரளவு நிம்மதி. 500க்குக் கீழே என்றால் வீட்டிலேயே இருங்கள், பார்க்க வருகிறவர்களையும் பிறகு வரச் சொல்லுங்கள். சில இடங்களில் 0.5, 1.5 என்று அச்சடித்துத் தருவார்கள், பயப்பட வேண்டாம், ஆயிரத்தால் பெருக்கினால் அதே கணக்குத்தான்.

2. தெர்மோமீற்றர். நான் சறுக்கியது இங்கேதான். கீமோ முடிந்து இரண்டாம் கிழமை, இரவு ஒன்பது மணிக்கு உடம்பு நடுங்கியது. சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரி இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு படுத்தேன், வியர்த்தது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்தேன், ஆனால் குளிசை காய்ச்சலை மறைத்ததே தவிர கிருமி உள்ளேயே இருந்தது. விடியப்புறம் எழும்பி நிற்கக்கூட முடியவில்லை. ஆகவே முதலில் அளவிடுங்கள். 38 பாகை செல்சியஸ் காட்டினால் பனடோல் போடாமல், விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலிலேயே "கீமோ செய்த ஆள், காய்ச்சல்" என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். அந்த ஒரு வரியைச் சிங்களத்திலும் எழுதி போனில் வைத்திருக்கிறேன். டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, ஒரு சாரம், சார்ஜர் எல்லாம் ஒரு பையில் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

நெற்றியில் காட்டும் துவக்கு மாதிரியான கருவியை நான் நம்புவதில்லை, வியர்த்தால் ஒன்று சொல்லும், ஏசிக்குள் இன்னொன்று சொல்லும். பாமசியில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் ஒன்று போதும். பிளேன்டீ குடித்த கையோடு நாக்குக்குக் கீழே வைக்காதீர்கள். நான் வைத்து, 38.4 காட்டி, வீடே கலங்கியது. கால் மணித்தியாலம் பொறுத்து வைத்தபோது 36.9.

3. சாப்பாடு. எண்ணிக்கை ஏறும்வரை பச்சையாகச் செய்கிற வல்லாரைச் சம்பல், காலிமுகத்திடல் இறால் வடை, தெருவோர அச்சாறு எதுவும் வேண்டாம். சூடாக வீட்டில் சமைத்தது, கொதித்தாறிய தண்ணீர், அவ்வளவுதான். யார் சொன்னாலும் பப்பாளி இலைச் சாற்றை டொக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள்.

4. வெளியே போவது. காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவில் பத்து நிமிடம், அடுத்த கிழமை பதினைந்து. களைப்பாக இருக்கிறதே என்று நாள் முழுக்கப் படுத்திருந்தால் களைப்பு கூடுகிறது, இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. கட்டடம் எழும்புகிற ஒழுங்கைக்குள் போகாதீர்கள், அந்தத் தூசியில் பூஞ்சை இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. காலி வீதி பஸ்ஸில் ஏறுவதானால் பத்து மணிக்குப் பிறகு, மாஸ்க்கோடு. வேலைக்கு முதலில் அரை நாள் கேளுங்கள். எனக்குக் கணக்கு வேலை, ஒரே வரியை மூன்று தரம் கூட்டினேன், மூன்று விடை வந்தது. கீமோவுக்குப் பிறகு இப்படி மூளை மந்தமாவது பலருக்கும் நடப்பதுதான். இப்போது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைக்கிறேன்.

பின்னால் சேர்த்தது: டெங்குவாக இருந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். டெங்குவிலும் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) இறங்கும், வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது, ஆகவே அதே 38, அதே பை. அஸ்பிரின், புரூஃபன் பக்கமே போகாதீர்கள், இரத்தக் கசிவு கூடும். பக்கத்து வீட்டு மாமியின் மணி பிளான்ட் போத்தலில் நுளம்புப் புழு நெளிந்தது, தம்பியை அனுப்பி அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றச் சொன்னேன். மாமி இன்னும் எங்களோடு கதைப்பதில்லை.