ஆர்.வி. வண்டியின் கரண்ட்: முதலில் ஆம்பியர் கணக்கு

அமெரிக்க ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வண்டிக்குள் இரண்டு வகை கரண்ட் ஓடுகிறது. விளக்கு, தண்ணீர் பம்ப், கேஸ் ஹீட்டரின் விசிறி இவையெல்லாம் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடும். ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக் இவற்றுக்கு 120 வோல்ட் வேண்டும். 120-ஐ 12 ஆக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது கன்வெர்ட்டர். 12-ஐ 120 ஆக்குவது இன்வெர்ட்டர். பல வண்டிகளில் இன்வெர்ட்டரே இருக்காது. அப்போது பேட்டரி நிறைந்திருந்தாலும் சுவர் பிளக்கில் கரண்ட் வராது, அது பழுதல்ல.

30 ஆம்பியர் வண்டிக்கு, அதாவது வெளியிலிருந்து 30 ஆம்பியர் பிளக் வழியாக கரண்ட் எடுக்கும் வண்டிக்கு, மொத்தம் 3,600 வாட்தான். 50 ஆம்பியர் வண்டிக்கு இரண்டு ஃபேஸ், ஒவ்வொன்றிலும் 50; ஆக 12,000 வாட். 30-இல் ஏசி சுமார் 13, மைக்ரோவேவ் 12, வாட்டர் ஹீட்டர் 12 ஆம்பியர் இழுக்கும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுங்கள். சார்ஜ் ஏற்றும்போது கன்வெர்ட்டரும் சில ஆம்பியர் எடுக்கும். இதைத்தான் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

கேம்ப் இடத்தில் கரண்ட் தரும் கம்பத்தின் பிரேக்கரை அணைத்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள், பிறகு போடுங்கள். செருகுவதற்கு முன், பிரேக்கர் போட்டிருக்கும்போது மல்டிமீட்டரால் வோல்ட்டேஜைப் பாருங்கள்: 30 சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, 50 சாக்கெட்டில் இரு ஃபேஸுக்கு நடுவே 240, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 120. ஏசி ஓடும்போது மறுபடி அளந்து, 105-க்குக் கீழே இறங்கினால் ஏசியை நிறுத்துங்கள். குறைந்த வோல்ட்டேஜில் கம்ப்ரசர் அதிக கரண்ட் இழுத்துச் சூடாகிக் கெடும். சாக்கெட் கருகியிருந்தால் வேறு இடம் கேளுங்கள்.

வீட்டில் 30 ஆம்பியர் சாக்கெட் போடச் சொல்லும்போது கட்டாயம் கவனம் தேவை. துணி டிரையர் சாக்கெட் என்று நினைத்து சில எலக்ட்ரீஷியன்கள் 240 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். செருகியதும் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ் எல்லாம் எரிந்துபோகும். "120 வோல்ட், ஒரே ஃபேஸ்" என்று எழுதிக் கொடுத்து, அளந்த பிறகே செருகுங்கள்.

100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டுமே செலவழிக்கலாம். லோடும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஹீட்டர் விசிறி 7 ஆம்பியர் எடுத்தால் 7 மணி நேரத்தில் அந்தப் பாதி தீரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரியில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆனால் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. பழைய கன்வெர்ட்டர் அதை முழுதாக நிரப்பாது. இன்வெர்ட்டரில் 1,000 வாட் ஓட்டினால் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியர் போகும். கேபிள் தடிமனாக, குட்டையாக இருக்கட்டும். பாசிட்டிவ் கம்பியில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு கன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றவில்லையென்றால், அதன் ரிவர்ஸ் போலாரிட்டி ஃபியூஸ்களை முதலில் பாருங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் ஒரு நொடி மாறித் தொட்டாலே அவை போய்விடும். அதே ஆம்பியரில் புதியது போடுங்கள், பெரியது வேண்டாம்.