கே-பாப் காணொளிகளில் ஓவியம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 அக்டோபரில் வெளியான, பி.டி.எஸ். என்ற கொரியப் பாப் இசைக்குழுவின் ‘பிளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’ பாடலின் காணொளி, அருங்காட்சியகத்தை ஒத்த ஒரு மாளிகைக்குள் நிகழ்கிறது. சுவர்களில் ஐரோப்பிய ஓவியங்கள் தொங்குகின்றன, மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிற்பத்தின் நகல் நிற்கிறது, ஒரு கண்ணாடிக்கு மேலே நீட்சேயின் ஜெர்மன் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது, இடையில் இசை நின்று ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘டேமியன்’ நாவலின் வரிகளைக் குழுவின் உறுப்பினர் ஆர்எம் வாசிக்கிறார். ஆறு நிமிடக் காணொளியில் இவ்வளவு இருந்தால் ரசிகர்கள் நொடிக்கு நொடி நிறுத்திப் பார்ப்பது இயல்புதான். ஓவிய வரலாற்றைப் பாடமாகப் படிக்காத இளைஞர்கள் 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ப்ருகேலின் பெயரைத் தேடிப் படிப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இந்தத் தேடலில் ஒரே விதமான சில தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. அவை காணொளியையும் சரியாகப் பார்க்கவிடுவதில்லை, ஓவியத்தையும் சரியாகப் பார்க்கவிடுவதில்லை.

அவற்றுள் மிகப் பரவலானது, கதையின் பெயரைக் கண்டுபிடித்தவுடன் தேடலை நிறுத்திக்கொள்வது. “இது இக்காரஸ், மெழுகு இறக்கையோடு சூரியனை நெருங்கிப் பறந்து விழுந்தவன், ஆகவே காணொளி பேராசையைப் பற்றியது” என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் காணொளியில் ஒரே ஒரு இக்காரஸ் இல்லை. ப்ருகேலின் பெயரால் அறியப்படும் ‘இக்காரஸின் வீழ்ச்சி இடம்பெறும் நிலக்காட்சி’, ஆங்கில ஓவியர் ஹெர்பர்ட் டிரேப்பர் 1898இல் தீட்டிய ‘இக்காரஸுக்கான புலம்பல்’ ஆகிய இரண்டும் அதில் வருகின்றன. ஒரே கதையைச் சொன்னாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிரான ஓவியங்கள்.

முதல் ஓவியத்தின் முன்னே நின்றால் இக்காரஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முன்னால் சிவப்புச் சட்டை அணிந்த உழவர் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கீழே ஆட்டு மந்தையோடு ஓர் இடையர் கோலை ஊன்றி நிற்கிறார், கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார், பெரிய கப்பல் ஒன்று பாய் விரித்துத் தன் வழியில் போகிறது. வலப்பக்கக் கீழ் மூலையில், அந்தக் கப்பலுக்குச் சற்று முன்பாக, நீரில் தலைகீழாக மூழ்கும் ஒருவனின் கால்கள் மட்டும் தெரிகின்றன, அவ்வளவுதான் இக்காரஸ். இதே கதையைப் பாடிய ரோமானியக் கவிஞர் ஓவிட், உழவரும் இடையரும் மீன் பிடிப்பவரும் வானில் பறந்த தந்தையையும் மகனையும் அண்ணாந்து பார்த்து, இவர்கள் தேவர்களோ என்று வியந்ததாக எழுதியிருக்கிறார். ஓவியத்தில் அதே மூவரும் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட விழுந்தவனைக் கவனிக்கவில்லை. இடையர் மட்டும் வானைப் பார்க்கிறார்; அவர் பார்க்கும் திசையிலோ யாரும் இல்லை. ஒருவனின் பேரழிவு உலகத்தின் அன்றாட வேலைகளுக்கிடையே யார் கண்ணிலும் படாமல் போவதே இந்த ஓவியத்தின் பொருள்.

டிரேப்பரின் ஓவியத்தில் இக்காரஸைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை. விழுந்து இறந்த உடல் பாறையின் மீது கிடக்கிறது, அந்திச் சூரியனின் ஒளி படுகிறது, மூன்று கடல் கன்னியர் அவனுக்காக அழுகிறார்கள். கதைப்படி உருகிச் சிதறியிருக்க வேண்டிய இறக்கைகள் இங்கே முழுமையாக, படத்தின் பெரும்பகுதியை நிறைத்தபடி விரிந்திருக்கின்றன. வீழ்ச்சியை அழகானதாக, ஆசைப்படத் தக்கதாகக் காட்டும் ஓவியம் அது. ஆசைக்கு இணங்குவதைப் பற்றிப் பாடும் ஒரு பாடலுக்கு, அதுவும் ‘விங்ஸ்’ என்ற பெயர் கொண்ட ஆல்பத்தின் தலைமைப் பாடலுக்கு, இவ்விரண்டு பார்வைகளும் அருகருகே வைக்கப்பட்டிருப்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. இரண்டையும் ‘இக்காரஸ்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால், காணொளியை உருவாக்கியவர்கள் செய்த தேர்வு முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு பிழை, ஓவியத்தைப் பற்றிய தகவல்களைச் சரிபார்க்காமல் மறுபடி மறுபடி பகிர்வது. பிரஸ்ஸல்ஸ் அரச அருங்காட்சியகத்தில் உள்ள அந்த நிலக்காட்சி ப்ருகேலின் கையால் தீட்டப்பட்டதா என்பதில் வல்லுநர்களுக்கு ஐயம் உண்டு. 1996இல் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு, தொலைந்துபோன மூல ஓவியத்தின் பழைய நகல் அது என்ற கருத்தே வலுத்திருக்கிறது. அதே காணொளியில் வரும் ‘கலகம் செய்த வானதூதர்களின் வீழ்ச்சி’ 1562இல் ப்ருகேல் தீட்டியதுதான், ஆனால் அதை ஒரு காலத்தில், விசித்திர உருவங்களுக்குப் பேர்போன முந்தைய ஓவியர் ஹிரோனிமஸ் போஷின் படைப்பு என்று கருதினார்கள். தங்கக் கவசம் அணிந்த தலைமை வானதூதர் மிக்கேல் வாளை ஓங்கியிருக்க, சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்டவர்கள் விழும்போதே மீனாகவும் பூச்சியாகவும் பட்டாம்பூச்சி இறக்கை முளைத்த விலங்காகவும் உருமாறுவதைப் பார்த்தால், அந்தக் குழப்பம் ஏன் வந்தது என்பது விளங்கும். அருங்காட்சியகங்களே தடுமாறிய இடம் இது என்பதால், ரசிகர் ஒருவர் எழுதிய குறிப்பை இன்னொருவர் அப்படியே எடுத்து எழுதுவதைக் காட்டிலும், ஓவியத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது எப்போதும் நல்லது.

ரெட் வெல்வெட் குழுவின் ‘ஃபீல் மை ரிதம்’ 2022 மார்ச்சில் வந்தபோது வேறொரு தவறு பெருகியது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசை, பூக்கள், தோட்டம், வெள்ளை உடைகள் என்று பார்வைக்கு மென்மையாக இருந்ததால், எல்லாவற்றையும் ‘கிளாசிக் அழகு’ என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். அந்தக் காணொளி எடுத்தாண்ட ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இந்த மென்மை நிலைக்காது. பூக்கள் சூழ நீரில் மிதக்கும் பெண், ஜான் எவரெட் மில்லேயின் ‘ஒஃபீலியா’. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் தந்தையை இழந்து, மனம் பேதலித்து, ஓடையில் மூழ்கி இறக்கும் பெண் அவள். பாடிக்கொண்டே மூழ்கும் தருணத்தைத்தான் மில்லே வரைந்தார், அதனால்தான் வாய் சற்றே திறந்திருக்கிறது. மார்பருகே மிதக்கும் செந்நிறப் பாப்பிப் பூ, ஓவிய மரபில் உறக்கத்துக்கும் சாவுக்கும் அடையாளம். 1851இல் மில்லே சர்ரேயில் ஓர் ஆற்றங்கரையில் அமர்ந்து பின்னணியை மட்டும் தீட்டி முடித்தார்; பிறகு லண்டனில், நீர் நிரப்பிய குளியல் தொட்டியில் எலிசபெத் சிடல் என்ற இளம்பெண்ணைப் படுக்கவைத்து உருவத்தை வரைந்தார். நீரைச் சூடாக வைத்திருக்கத் தொட்டிக்கு அடியில் ஏற்றிய விளக்குகள் ஒரு நாள் அணைந்துவிட, அவருக்குக் கடும் சளி பிடித்தது. வெளிப்புறத்தைத் தனியாகவும் நடிப்பவரைத் தனியாகவும் எடுத்து ஒன்றாக இணைக்கும் இன்றைய காணொளித் தயாரிப்புக்கு இந்த ஓவியம் எவ்வளவு நெருக்கமானது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

ஃப்ராகொனாரின் ‘ஊஞ்சல்’ ஓவியமும் குழந்தைத்தனமான விளையாட்டைக் காட்டுவது அன்று. இளஞ்சிவப்புப் பாவாடையோடு ஆடும் பெண்ணின் செருப்பு காற்றில் பறக்கிறது. பின்னால் நிழலில் வயதான ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்க, முன்னால் புதருக்குள் அவளுடைய காதலன் ஒளிந்து படுத்திருக்கிறான். இடப்பக்கத்துக் காமன் சிலை, யாரிடமும் சொல்லாதே என்பதுபோல விரலை உதட்டில் வைத்திருக்கிறது. போஷின் ‘பூவுலக இன்பங்களின் தோட்டம்’ இன்னும் கடுமையானது. மாட்ரிட் ப்ராடோ அருங்காட்சியகத்தில் உள்ள அது, மூன்று பலகைகளால் ஆன ஓவியம்: இடப்புறம் ஏதேன் தோட்டம், நடுவே இன்பங்கள், வலப்புறம் நரகம். அந்த நரகத்தில் இசைக்கருவிகளே வதைக் கருவிகள். ஒருவன் யாழின் நரம்புகளில் அறையப்பட்டுக் கிடக்கிறான், இன்னொருவனின் பின்புறத்தில் இசைக் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. இசையைக் கொண்டாடும் ஒரு பாடல், இசையால் தண்டிக்கும் ஓவியத்திலிருந்து தன் விசித்திரப் பிராணிகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. ‘அழகான பழைய படம்’ என்று சொல்லிக் கடந்துவிட்டால் இந்த உரசல் பிடிபடாது. சாவு, ஏமாற்று, தண்டனை ஆகிய மூன்றையும் பூக்களுக்கு அடியில் வைத்திருக்கும் காணொளி அது என்பதே என் வாசிப்பு.

எந்தப் பிரதி என்பதைப் பார்க்காமல் விடுவது சிறிய தவறுதான், ஆனால் எளிதில் திருத்தக்கூடியது. பிரெஞ்சு ஓவியர் மொனேயின் ‘குடை பிடித்த பெண்’ என்றால் ஒரே ஓவியம் என்று பலர் நினைக்கிறார்கள். 1875இல் அவர் வரைந்ததில் மனைவி கமீயும் மகன் ஜானும் இருக்கிறார்கள், அது வாஷிங்டனில் உள்ளது. கமீ இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1886இல், வேறொரு பெண்ணை வைத்து வலம் நோக்கி ஒன்றும் இடம் நோக்கி ஒன்றுமாக அவர் வரைந்த இரண்டு ஓவியங்கள் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. இசைக்கும் இது பொருந்தும். ‘ஃபீல் மை ரிதம்’ பயன்படுத்தும் மெட்டு பாக்கின் மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா சூட்டின் இரண்டாம் பகுதி. ‘ஏர் ஆன் தி ஜி ஸ்ட்ரிங்’ என்ற பெயரோ, 19ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்மி என்ற வயலின் கலைஞர் அதை ஒற்றை நரம்பில் வாசிக்கும்படி மாற்றியமைத்ததால் வந்தது.

ஒப்புமையைச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் மிகவும் கவனமாகத் தவிர்க்க வேண்டியது. காணொளியின் சுவரில் ஓவியமே தொங்கினால் அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஓவியத்தின் உடல் நிலை, உடை, பொருள்கள், சட்டக அமைப்பு ஆகிய பலவும் ஒன்றுசேர்ந்து மறுஉருவாக்கப்பட்டிருந்தால், ‘ஒஃபீலியா’வைப் போல உறுதியாகச் சொல்லலாம். ஒரே ஒரு கூறு மட்டும் ஒத்திருந்தால் அது பார்ப்பவரின் நினைவில் எழுந்த தொடர்பு. அதை அப்படியே சொல்ல வேண்டும். 2017இல் வந்த பி.டி.எஸ்.-இன் ‘ஸ்பிரிங் டே’ காணொளியில் மலைபோல் குவிந்த துணிகளைப் பார்த்த பலர், பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி 2010இல் பாரிஸின் கிராண்ட் பலேயில் அமைத்த ‘பெர்சோன்’ என்ற நிறுவல் கலையை நினைவுகூர்ந்தார்கள். அங்கும் ஆளில்லா ஆடைகளின் குன்று இருந்தது, ஒரு பளுதூக்கி இயந்திரம் அதிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டது. இழந்தவர்களைப் பற்றிய பாடல் என்பதாலும், 304 உயிர்களைப் பறித்த 2014 செவோல் கப்பல் விபத்தோடு கொரிய ரசிகர்கள் பலர் இப்பாடலைச் சேர்த்து வாசிப்பதாலும், இந்த ஒப்பீடு பொருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் அதே காணொளியில் ‘ஓமெலாஸ்’ என்று எழுத்திலேயே காட்டப்படும் பெயர்ப்பலகை உர்சுலா லெ குவினின் சிறுகதையைச் சுட்டுவதற்கு இருக்கும் உறுதி, துணிக்குவியலுக்கு இல்லை. “நினைவூட்டுகிறது” என்பதற்கும் “அதிலிருந்து எடுத்தார்கள்” என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை எழுதுபவர் மறைக்கக் கூடாது. இதே கவனக்குறைவுதான் எதிர்ப்பக்கத்தில் “காப்பி அடித்துவிட்டார்கள்” என்ற குற்றச்சாட்டாகவும் மாறுகிறது. எல்லோரும் அடையாளம் காண வேண்டும் என்று கருதியே, நூறாண்டுகளுக்கு மேல் பழைய ஓவியத்தை வெளிப்படையாக எடுத்தாள்வது திருட்டாகாது. கொரியச் சட்டத்தில் பதிப்புரிமை கலைஞர் இறந்து 70 ஆண்டுகள் வரை நிற்கும். டிரேப்பர் 1920இலேயே மறைந்தவர்.

கடைசியாக, எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு: கலை என்றாலே ஐரோப்பா என்று எண்ணிக்கொண்டு, கொரியப் பாடலில் கொரியக் கலையைக் காணாமல் விடுவது. பி.டி.எஸ்.-இன் 2018ஆம் ஆண்டு ‘ஐடல்’ காணொளியில் வரும் சிங்க ஆட்டத்தைச் சீனத்துடையது என்று பலர் எழுதினார்கள். அது புக்சோங் சிங்க ஆட்டம். புக்சோங் இன்று வட கொரியாவில் இருக்கிறது, போரில் தெற்கே வந்தவர்கள் அந்த ஆட்டத்தைத் தங்களோடு கொண்டுவந்து காப்பாற்றினார்கள். கே-பாப் மேடைகளிலும் காணொளிகளிலும் அடிக்கடி தலைகாட்டும் கொரியப் புலியும் இப்படித்தான். கொரியாவை ஆண்ட சோசன் அரச மரபுக் காலத்தின் பிற்பகுதியில் பெயர் தெரியாத ஓவியர்கள் சாதாரண வீடுகளுக்காகத் தீட்டிய ‘மின்ஹ்வா’ என்னும் நாட்டுப்புற ஓவியங்களில், பைன் மரத்தடியில் உருண்டை விழிகளோடு அமர்ந்திருக்கும் புலியும் மேலே கிளையில் அதைப் பார்த்துக் கத்தும் மேக்பை பறவையும் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. அந்தப் புலியைப் பார்க்காதவருக்கு இந்தப் புலியின் குறும்பு புரியாது.

நவீன ஓவியத்திலும் இதே கதைதான். 2022 டிசம்பரில் ஆர்எம் வெளியிட்ட ‘இண்டிகோ’ ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் நீல ஓவியம் யூன் ஹியோங்குன் என்ற கொரிய ஓவியருடையது. முதல் பாடலின் பெயரே ‘யூன்’, அதன் தொடக்கத்தில் மெய்ம்மை, நன்மை, அழகு ஆகியவற்றைப் பற்றி அவர் பேசிய குரலே ஒலிக்கிறது. 1928இல் பிறந்து 2007இல் மறைந்த யூன், போரையும் சிறையையும் கண்டவர். வெறும் துணியின் மீது நீலத்தையும் கரும்பழுப்பையும் நீர்க்கத் தீட்டி ஊறவிடுவது அவருடைய முறை. நீலம் வானம், பழுப்பு மண், இரண்டுக்கும் நடுவே விடப்பட்ட வெற்றிடம் ஒரு வாயில் என்று அவர் எண்ணினார். அவரை அமெரிக்க ஓவியர் ராத்கோவின் சாயல் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு நகர்ந்தவர்கள், சுருளில் மை ஊறிப் பரவும் கீழை நாட்டு எழுத்துக்கலை மரபை அந்தக் கறைகளில் பார்க்கத் தவறினார்கள். சியோலில் உள்ள தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் 2018இல் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. அதன் இணையதளம் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, ஓவியங்களைத் தேடுவோர் ப்ராடோவையும் ‘ஒஃபீலியா’வை வைத்திருக்கும் லண்டனின் டேட் அருங்காட்சியகத்தையும் திறக்கும் அதே நேரத்தில் அதையும் திறந்து பார்க்கலாம்.