சுகர் மெஷினும் அம்மாவின் மனசும்

காலையில் விரலைக் குத்தி சர்க்கரை 180 என்று பார்த்தால் அம்மாவுக்கு அன்றைய பொழுதே போச்சு. முந்தின ராத்திரி தின்ற ஒரு கரண்டி சாதத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. 'பெய்ட்' என்ற 20 கேள்விகளைக் கேட்டார். 100க்கு 40 தொட்டாலே சர்க்கரையால் வரும் மனச்சுமை அதிகம் என்று அர்த்தமாம். அம்மா அதைத் தாண்டியிருந்தார். மூன்று மாத சராசரிதான் முக்கியம், ஒரு காலை எண் தீர்ப்பு இல்லை என்றார் டாக்டர்.

பிறகு நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் தூக்கம், காய்ச்சல், முட்டிவலி, சண்டை எல்லாம் எழுத ஆரம்பித்தோம். தூக்கம் கெட்ட மறுநாள் எண் ஏறுவதை அம்மாவே கண்டுபிடித்தார். பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்துக்குள் கொட்டிவிடும்; தின்றது மட்டுமே காரணமில்லை. இது தெரிந்ததும் பாதி பாரம் இறங்கியது. "சுகர் எவ்வளவு?" போய், "தூங்கினியாம்மா?" என்பதே இப்போது வீட்டில் முதல் கேள்வி.

பந்தியில் இலையை எட்டிப் பார்க்கும் சொந்தக்காரர்களுக்கு மட்டும் மருந்தில்லை. போன கல்யாணத்தில் அம்மாவே, "உன் இலையைப் பாருடி" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தில் ரெண்டு வாய் குடித்தார்.