ஆண்டின் பத்து ஆல்பங்கள்: ரூட்ஸ், ராக், சோல் பட்டியல் போடும் முறை

ரூட்ஸ் என்றால் அமெரிக்க நாட்டுப்புற மரபில் வேரூன்றிய இசை; சோல் என்றால் கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த, உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை. ஆண்டின் பட்டியலை டிசம்பரில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், கடைசியாகக் கேட்டவைதான் மேலே வரும். ஜனவரியிலேயே ஒரு நோட்டு போடுங்கள்: ஆல்பம், வெளியான தேதி, பிடித்த பாட்டு. இவ்வளவு போதும்.

நவம்பர் கடைசியில் நோட்டில் உள்ளவற்றை 25 ஆல்பங்களாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில் மூன்று முறை முழுதாகக் கேளுங்கள். ஷஃபிள் (பாட்டு வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) இரண்டையும் செயலியில் அணைத்துவிடுங்கள். சோல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) இசைத்தட்டில் முதல் பக்கத்தின் ஆறு பாடல்களும் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடும். வரிசை கலைந்தால் பாதி உயிர் போய்விடும்.

பலரும் தவறவிடுவது ஒலியளவை. ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே காதுக்கு அதுதான் மேலாகத் தோன்றும். உரக்க மாஸ்டர் செய்த (வெளியிடும் முன் இறுதிக் கட்டத்தில் ஒலியளவைக் கூட்டிய) ராக் ஆல்பம், ஒற்றை அகூஸ்டிக் கிதாரோடு பாடும் ரூட்ஸ் ஆல்பத்தை இப்படித்தான் அநியாயமாக வென்றுவிடுகிறது. செயலியில் ஒலியளவைச் சமன்செய்யும் வசதியை இயக்குங்கள், ஆனால் முழு ஆல்பத்துக்கும் சேர்த்து. பாட்டுக்குப் பாட்டு சமன்செய்தால் மெல்லிய பாட்டின் மென்மை தொலைந்துவிடும்.

போன் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் பேஸ் (தாழ்ந்த ஒலி) கேட்காது, பேஸ் இல்லாமல் சோல் இல்லை.

எது எந்த வகை என்று மல்லுக்கட்டாதீர்கள். ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தின் மூன்று பாடல்கள், சோல் பதிவுகளுக்குப் பேர்போன, அமெரிக்க மாநிலமான அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் பகுதியில் பதிவானவை.

மறுவெளியீடுகளுக்குத் தனிப் பட்டியல். டிசம்பரில் வந்தவை அடுத்த ஆண்டு நோட்டின் முதல் பக்கத்துக்கு.