ஒருநாள் சேவையைத் தாண்டி

தன்னார்வச் சேவை வழியாக நாலு பேரோடு பழக நினைத்தால் ஒருநாள் சேவை உதவாது. டி-ஷர்ட் போட்டு, குரூப் போட்டோ எடுத்து, சான்றிதழோடு திரும்பும் அந்த நாளில் யார் பெயரும் மனதில் நிற்பதில்லை. ஒருவரோடு ஒருவர் பழக்கமாக அதே முகங்களை அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அதனால் என்ன வேலை என்பதைவிட எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நடந்தே போகும் தூரத்தில் ஒரு நூலகமோ முதியோர் கூடும் இடமோ போதும். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், 2 மணி நேரம், குறைந்தது 3 மாதம். தூரம் கூடினால் முதல் மழைக்கே சாக்கு கிடைத்துவிடும்.

முதல் மாதம் யோசனை சொல்லாதீர்கள். (வந்த வாரமே வாட்ஸ்அப் குழு தொடங்குபவரைக் கண்டால் பழையவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.) யாரும் எடுக்காத சின்னப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்: கதவு திறப்பது, நாற்காலி போடுவது, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது. 15 நிமிடம் முன்னதாகப் போங்கள்; முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மனம்விட்ட பேச்செல்லாம் நாற்காலி மடக்கும்போதுதான் நடக்கும். உங்களுக்கு உதவி தேவைப்பட்டால் அங்கேயே கேளுங்கள், கொடுத்துக்கொண்டே இருப்பவரிடம் நெருங்க எல்லோருக்கும் கூச்சம்.

குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதென்றால் மட்டும் கூடுதல் கவனம். சொல்லாமல் நின்றுவிட்டால் அவர்கள் தங்கள்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். எதுவரை வர முடியும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.