ராணுவக் கைத்துப்பாக்கி ஏல விலையைப் பிரித்துப் படிப்பது எப்படி?

2017இல் அமெரிக்காவில் ராக் ஐலண்ட் ஏல நிறுவனம் ஒரு பிஸ்டலை 4,14,000 டாலருக்கு விற்றது. செய்தது சிங்கர், ஆமாம், தையல் மிஷின் கம்பெனிதான். மாடல் எம்1911ஏ1, அந்நாளில் அமெரிக்க ராணுவம் வைத்திருந்த பிஸ்டல். இதே மாடலை டைப்ரைட்டர் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் ராண்ட் எட்டு லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதியவர் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்படியிருக்க ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்த விலை? இதைப் புரிந்துகொள்ளத்தான் சில வருடங்களாக ஏல முடிவுகளைக் குறித்து வைத்துப் படித்து வருகிறேன். நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். வாங்குவது, லைசென்ஸ் எல்லாம் இதில் வராது. விலையைப் படிப்பது மட்டும்தான்.

படி 1: முதலில் கமிஷனைக் கழியுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏலத்தில் சுத்தியல் தட்டும்போது நிற்கும் தொகை ஒன்று. அதன்மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கமிஷனையும் சேர்த்து வரும் தொகை இன்னொன்று. சில பட்டியல்களில் முதல் தொகை இருக்கும், சிலவற்றில் இரண்டாவது. நான் ஆரம்பத்தில் இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதிவிட்டேன். பல மாதக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு வகைத் துப்பாக்கியின் விலை திடீரென்று சரிந்தது போலத் தெரிந்தது. உண்மையில் எதுவும் சரியவில்லை. ஒரு நிறுவனத்தின் பட்டியல் சுத்தியல் விலையை மட்டும் போட்டிருந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

எது எந்த விலை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஏலம் கேட்பவர்கள் பெரும்பாலும் முழுத் தொகையாகத்தான் கேட்பார்கள். விலை ஒழுங்கில்லாமல் தெரிந்தால் அதற்குள் கமிஷன் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். 15 சதவீதம் என்று வைத்து 1.15ஆல் வகுத்துப் பாருங்கள்:

சிங்கர் 4,14,000 டாலர்: வகுத்தால் 3,60,000.
2008இல் விற்ற கோல்ட் வாக்கர் ரிவால்வர் 9,20,000: வகுத்தால் 8,00,000.
2010இல் விற்ற .45 லூகர் (ஜெர்மன் பிஸ்டல், .45 என்பது அங்குலத்தில் குண்டின் அளவு) 4,94,500: வகுத்தால் 4,30,000.

மூன்றும் பிசிறில்லாமல் வருகிறது பாருங்கள். உங்கள் எக்செல் தாளில் இரண்டு விலைக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். நோட்டுப் புத்தகம் வேண்டாம், பின்னால் வரிசை மாற்றிப் பார்க்க முடியாது.

படி 2: எத்தனை செய்தார்கள், எத்தனை மிஞ்சின

சிங்கர் செய்தது மொத்தமே 500. ராணுவத் தயாரிப்பு எப்படி என்று தொழிற்சாலைகளைப் பழக்குவதற்காக அமெரிக்க அரசு கொடுத்த சிறு ஆர்டர் அது. சிங்கர் 1941இல் செய்து கொடுத்து முடித்தது. அப்புறம் அந்தக் கம்பெனி வேறு போர்க்கருவிகளுக்குப் போய்விட்டது. அந்த 500ம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கவில்லை, வீரர்கள் கைக்குப் போனவை. பல திரும்பவே இல்லை.

படி 3: படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்

தயவுசெய்து போனில் பார்க்காதீர்கள். பெரிய திரை வேண்டும். சிங்கரில் நான் முதலில் போவது இடது பக்கத்தில் உள்ள ஆய்வாளர் முத்திரைக்கு: ஜே.கே.சி. என்ற மூன்று எழுத்து. அப்புறம் சீரியல் எண் எஸ்800001க்கும் எஸ்800500க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து எழுத்துகளின் ஓரம். அச்சு குத்தியபோது உலோகம் சற்றே பிதுங்கி, எழுத்தைச் சுற்றி மெல்லிய வரம்பு நிற்கும். பின்னாளில் யாராவது தேய்த்துப் புதுப்பூச்சு கொடுத்திருந்தால் அந்த வரம்பு காணாமல் போயிருக்கும், எழுத்து ஆழம் குறைந்திருக்கும், திருகாணித் துளையின் விளிம்பு கிண்ணம் போலக் குழிந்திருக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். என்னைக் கேட்டால், தேய்ந்து மங்கிய பழைய பூச்சு எவ்வளவோ மேல். விலையும் அதையே சொல்லும்.

லூகர் பி08, அதாவது ஜெர்மன் ராணுவத்துக்கான லூகர் என்றால் இன்னொரு வேலை உண்டு. சிறு பாகங்களில் சீரியல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். எல்லாம் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

படி 4: கூட வரும் காகிதமும் பெட்டியும்

1847இல் கோல்ட் வாக்கர் ராணுவத்துக்கென்று 1,000, வெளி விற்பனைக்கென்று சுமார் 100 செய்யப்பட்டது. மேலே சொன்ன 9,20,000 டாலர் துப்பாக்கி ராணுவத்துடையது. ஆனால் 2018இல் 18,40,000 டாலருக்குப் போனது, டென்மார்க் கப்பல் கேப்டன் ஒருவர் வாங்கிய வெளி விற்பனைத் துப்பாக்கி! அது தன் பழைய பெட்டியோடு வந்தது, வாங்கியவர் யார் என்ற வரலாறும் தெளிவாக இருந்தது. இதனால்தான் நான் விலைக்குப் பக்கத்திலேயே "பெட்டி", "கடிதம்" (துப்பாக்கியின் வரலாற்றைச் சொல்லும் காகிதம்), "வந்த வழி" (யார் யார் கைமாறி வந்தது) என்று மூன்று பத்தி வைத்திருக்கிறேன்.

படி 5: ஒரே ஒரு விலையை வைத்து முடிவு கட்டாதீர்கள்

அந்த .45 லூகர், 1907இல் அமெரிக்க ராணுவம் புது பிஸ்டல் தேடி நடத்திய சோதனைக்காகச் செய்யப்பட்டது. "மில்லியன் டாலர் லூகர்" என்றே அதைச் சேகரிப்பாளர்கள் அழைப்பார்கள். 2010 ஏலத்தில் கமிஷன் சேர்த்தும் ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. அரிய பொருளுக்குச் சந்தை என்பது அன்றைக்குக் கேட்க வந்த இரண்டு பேர்தான். இரண்டாவது ஆள் வராவிட்டால் விலை அங்கேயே நின்றுவிடும்.

பின்சேர்க்கை: ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் கொடுத்த ஜோடிப் பிஸ்டல்கள் 2002இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 19,86,000 டாலருக்குப் போயின, 1.15ஆல் வகுத்தால் சரியாக வரவில்லையே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. எல்லா இடத்திலும் ஒரே சதவீதம் கிடையாது. அங்கே கமிஷன் படிப்படியாக இருந்தது: முதல் 80,000 டாலருக்கு 17.5 சதவீதம், அதற்கு மேல் 10. ஆகவே முதல் படியில் கூடுதலாக வரும் 6,000ஐக் கழித்துவிட்டு 1.1ஆல் வகுக்க வேண்டும். விடை 18,00,000. சதவீதம் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், விலையைக் குறிக்கும் அன்றே அந்த ஏலத்தின் விதிமுறைப் பக்கத்தையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.