செயற்கை மழைக் கதை வந்தால் எப்படி விசாரிப்பது

இரணைமடுக் குளம் வான்பாய்ந்தால் போதும், "பிளேன் விட்டு மழை பெய்யவைச்சிட்டாங்கள்" என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்துவிடும். அதை மற்றவருக்கு அனுப்ப முதல், தண்ணீர் யாருக்குத் தேவை என்று கேளுங்கள். காசு போடுவது பெரும்பாலும் அவர்தான். 2019 மார்ச்சில் மலையகத்தின் மவுசாகலை நீரேந்துப் பகுதியில் செயற்கை மழைக்கு முயன்றார்கள்: இலங்கை மின்சார சபைக்கு நீர்மின் தேவைப்பட்டது, விமானப்படையின் வை-12 விமானம் பறந்தது, நுட்பம் தாய்லாந்தினுடையது. தாய்லாந்தில் இதற்கென்றே அரச திணைக்களம் உண்டு. அமீரகத்தில் இதைச் செய்வது தேசிய வானிலை மையம், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு மின் நிறுவனம். அமெரிக்காவில் செய்பவர்கள் நோவா என்ற அரச கடல், வளிமண்டல நிறுவனத்துக்கு அறிக்கை கொடுத்தே ஆகவேண்டும்.

சரி, பிறகு வானத்தைப் பாருங்கள். உப்போ, சில்வர் அயோடைட் என்ற இரசாயனமோ, விமானத்திலிருந்து எதைத் தூவினாலும் முதலில் பொருத்தமான மேகம் வேண்டும். சிறுபோகம் காயும் ஆவணி வெயிலில் வெறும் வானத்தில் தூவிப் பிரயோசனம் இல்லை. கார்த்திகை, மார்கழி என்றால் வங்கக்கடல் தாழமுக்க அறிவிப்பைத் திறந்து பாருங்கள், பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.